நியூயார்க்கில் பழைய பிரவுன்ஸ்டோன் வீட்டைப் புதுப்பிக்க: பெர்மிட் முதல் சி.ஓ. வரை

ஒரே வீட்டுக்கு மூன்று காகிதம், மூன்று கணக்கு. புரூக்ளினிலோ ஹார்லெமிலோ 1890-களில் எழுந்த, பழுப்பு மணற்கல் முகப்பு வைத்த நாலு மாடி வரிசை வீடு (அதுதான் பிரவுன்ஸ்டோன்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் விளம்பரம் 'டூ ஃபேமிலி' என்கிறது. நகர நிதித் துறையின் வரி நோட்டீஸில் சி0 என்று இருக்கிறது. அதற்கு மூன்று குடும்பம் என்று பொருள். கட்டடத் துறையின் பழைய தாளைத் தோண்டினால் 'ரூமிங் ஹவுஸ்' என்று வருகிறது. அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடு அது. இதில் எது செல்லும்?

விளம்பரம் செல்லாது. வரி வகையும் செல்லாது. அது வரி போடுவதற்கான குறி, அவ்வளவுதான். கட்டடத் துறை கடைசியாகக் கொடுத்த சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபன்சி, எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சி.ஓ., அதில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டப்படி உங்கள் வீடு. சி.ஓ.வே இல்லையென்றால் பழைய பதிவுகள் சொல்வது.

ஊரில் மனை வாங்கும்போது பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்போம். இங்கே வந்தால் மட்டும் ஓக் தரையையும் மார்பிள் வைத்த கணப்படுப்பையும் பார்த்துவிட்டு, காகிதத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். வக்கீலின் கவலை டைட்டிலில் இருக்கும். அந்த வீட்டில் எத்தனை சமையலறை இருக்கலாம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

1. வாங்கும் முன்பே வீட்டின் ஜாதகத்தை எடுங்கள்

நகரக் கட்டடத் துறையை டி.ஓ.பி. என்பார்கள். அதன் பழைய இணையப் பதிவேடு பி.ஐ.எஸ்., புதியது டி.ஓ.பி. நவ். இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். 2021 மார்ச்சுக்குப் பிறகு வழங்கிய சி.ஓ.க்கள் புதியதில் இருக்கும். அதற்கு முந்தையவை பழையதில். முகவரியைக் கொடுத்தால் பிளாக் எண், லாட் எண், கட்டடத்துக்கான அடையாள எண்ணான 'பின்' (BIN) மூன்றும் வரும். எல்லா விண்ணப்பத்திலும் இவைதான் கேட்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சி.ஓ. கிடைத்தால் மாடி மாடியாகப் படியுங்கள். அது ஒன்றிரண்டு பக்கத் தாள்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் பணம். 'செல்லர்: பாய்லர், ஸ்டோரேஜ். பேஸ்மென்ட்: ஒரு குடியிருப்பு. முதல், இரண்டாம், மூன்றாம் மாடி: ஒரு குடியிருப்பு' என்று இருந்தால் அது இரண்டு குடும்ப வீடு. பேஸ்மென்ட் வரியில் 'ரெக்ரியேஷன் ரூம்' என்று இருந்தால், அங்கே அடுப்பும் குளியலறையும் பத்து வருஷ வாடகைக்காரரும் இருந்தாலும் அது குடியிருப்பு ஆகாது.

அதே இணையப் பதிவேட்டில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மூடாத பழைய விண்ணப்பங்கள். 1980-களில் யாரோ பாத்ரூம் சேர்க்கப் பெர்மிட் வாங்கி, வேலையை முடித்து, கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிடாமலே போயிருப்பார். அந்தப் பெர்மிட் இன்னும் உயிரோடு இருக்கும், உங்கள் புதிய சி.ஓ.வைத் தடுக்கும். அப்போதைய ஆர்க்கிடெக்ட் இறந்தே போயிருக்கலாம். புதிய ஆர்க்கிடெக்ட் அவர் இடத்தில் பெயர் மாற்றி, வேலையைச் சோதித்து மூட வேண்டும். செய்யாத வேலையானால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வேண்டும். இரண்டாவது, வயலேஷன்கள், அதாவது விதிமீறல் பதிவுகள். டி.ஓ.பி. தானே போட்டது ஒரு வகை, ஓ.ஏ.டி.எச். என்னும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அபராதத்தைக் கட்டினால் மட்டும் போதாது. குறையைச் சரிசெய்ததற்கான சான்றையும் துறை ஏற்க வேண்டும், அதுவரை வயலேஷன் திறந்தே கிடக்கும். 'கட்டியாச்சு சார்' என்று விற்பவர் சொன்னால் ரசீதைக் கேட்காதீர்கள், சரிசெய்த சான்று ஏற்கப்பட்ட நிலையைக் கேளுங்கள்.

2. சி.ஓ. இல்லாத வீடு

1938-க்கு முன் கட்டிய வீட்டுக்கு சி.ஓ. இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பின்னால் யாராவது பயன்பாட்டையோ, வெளியேறும் வழியையோ, குடியிருப்பு எண்ணிக்கையையோ மாற்றியிருந்தால்தான் கட்டாயம். அதனால் பிரவுன்ஸ்டோன்களில் தேடும்போது 'சி.ஓ. இல்லை' என்று வருவது சகஜம், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, சி.ஓ. இல்லை என்பதால் இஷ்டம்போல் பயன்படுத்தலாம் என்று நினைப்பவரைப் பார்த்துத்தான்.

வங்கியோ இன்சூரன்ஸோ சட்டப்படியான பயன்பாட்டுக்கு ஆதாரம் கேட்டால் டி.ஓ.பி.யிடம் லெட்டர் ஆஃப் நோ அப்ஜெக்‌ஷன், அதாவது எல்.என்.ஓ., வாங்க வேண்டும். இன்ன பயன்பாட்டுக்குத் துறைக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் அது. இருப்பதை ஒப்புக்கொள்ளுமே தவிர, புதிதாக ஒன்றை அனுமதிக்காது.

அதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஐ-கார்டு. வீட்டுவசதித் துறையான எச்.பி.டி.யின் இணையப் பதிவில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அந்தக் கால இன்ஸ்பெக்டர் கையால் எழுதிய அட்டை. மாடிக்கு எத்தனை அறை, எத்தனை குடும்பம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றும் அதற்கு மேலும் குடும்பம் இருந்த வீடுகளுக்குத்தான் பெரும்பாலும் இந்த அட்டை போட்டார்கள். ஆகவே உங்கள் 'ஒரு குடும்ப வீட்டுக்கு' ஐ-கார்டு இருக்கிறது என்றாலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுத்து நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள 1939–1941 வரிப் புகைப்படங்கள். நகரத்தின் கட்டடம் ஒவ்வொன்றையும் எடுத்த படங்கள் அவை. வாசல் படிக்கட்டு அப்போது இருந்ததா, கார்னிஸ் என்னும் கூரையோர அலங்காரம் எப்படி இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஸ்டூப்பை, அதாவது அந்த வாசல் படிக்கட்டை, திருப்பிக் கட்ட நினைத்தால் இந்தப் படம் கட்டாயம் வேண்டும்.

3. ரூமிங் ஹவுஸ் என்று வந்தால் நில்லுங்கள்

ஹார்லெமிலும் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டிலும் பெரிய வீடுகள் ஒரு காலத்தில் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்குப் போயின. சி.ஓ.விலோ ஐ-கார்டிலோ ரூமிங் ஹவுஸ், எஸ்.ஆர்.ஓ. (ஒற்றை அறைக் குடியிருப்பு), 'கிளாஸ் பி' (தற்காலிகக் குடியிருப்பு வகை) என்ற சொற்கள் இருந்தால், குடும்ப வீடாக மாற்றும் திட்டத்துக்கு டி.ஓ.பி. கை வைப்பதற்கு முன்பே எச்.பி.டி.யிடம் சர்டிபிகேட் ஆஃப் நோ ஹராஸ்மென்ட் வாங்கியாக வேண்டும். குடியிருந்தவர்களை மிரட்டியோ, ஹீட்டரை அணைத்தோ விரட்டவில்லை என்பதற்கான சான்று இது. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருஷத்தை விசாரிப்பார்கள். பழைய வாடகைக்காரர்களைத் தேடிப் பேசுவார்கள். நீங்கள் நேற்றுத்தான் வாங்கினீர்கள் என்பது காரணமாகாது. முந்தைய உரிமையாளர் செய்த அடாவடியும் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். மாதக்கணக்கில் இழுக்கும் இந்த வேலையை வாங்கும் ஒப்பந்தத்திலேயே விற்பவர் தலையில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

4. பேஸ்மென்ட் வேறு, செல்லர் வேறு

பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சட்டத்தில் இல்லை. உயரத்தில் பாதியாவது தெரு மட்டத்துக்கு மேலே இருந்தால் பேஸ்மென்ட், பாதிக்கு மேல் புதைந்திருந்தால் செல்லர். பிரவுன்ஸ்டோனில் படிக்கட்டுக்குக் கீழே நுழையும் 'கார்டன் லெவல்' பெரும்பாலும் பேஸ்மென்ட். அது ஒரு மாடியாக எண்ணப்படும், நிபந்தனைகளோடு குடியிருக்கலாம். அதற்கும் கீழே பாய்லர் நிற்கிற இடம்தான் செல்லர். ஒன்று, இரண்டு குடும்ப வீட்டில் செல்லரைப் பொதுவாக வாடகைக்கு விட முடியாது.

இந்த ஒரு வித்தியாசம் தீயணைப்புச் செலவையும் தீர்மானிக்கும். புதிய விதியில் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு) விலக்கு மூன்று மாடிக்கு மேற்படாத ஒன்று, இரண்டு குடும்ப வீடுகளுக்குத்தான். வாசல் மாடி, அதன் மேல் இரண்டு, கீழே பேஸ்மென்ட் என்றால் நாலு மாடி ஆகிவிட்டது. பழைய வீட்டை மாற்றும்போது ஸ்பிரிங்க்ளர் வருமா வராதா என்பது நீங்கள் என்ன மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் ஆர்க்கிடெக்டிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வரும் என்றால் குழாயோடு முடியாது: தெருவிலிருந்து வரும் முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் பழைய தண்ணீர் இணைப்பு பெரும்பாலும் போதாது, தெருவைத் தோண்டிப் புதிய இணைப்பு இழுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி அனுமதிகள். வரவுசெலவுத் திட்டத்தில் ஸ்பிரிங்க்ளருக்கு ஒரு வரி போட்டுவிட்டுத் தண்ணீர் இணைப்பை மறப்பவர்கள்தான் அதிகம்.

5. லேண்ட்மார்க் பகுதியா?

நகரின் லேண்ட்மார்க்ஸ் ஆணையம் 1965-இல் தொடங்கியது. புரூக்ளின் ஹைட்ஸ்தான் அது அறிவித்த முதல் வரலாற்றுப் பகுதி. உங்கள் வீடு அப்படி ஒரு பகுதிக்குள் இருந்தால் டி.ஓ.பி. பெர்மிட்டுக்கு முன் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அது மூன்று வகை.

வெளித்தோற்றத்தைப் பாதிக்காத, ஆனால் டி.ஓ.பி. பெர்மிட் தேவைப்படும் வேலைக்குச் சர்டிபிகேட் ஆஃப் நோ எஃபெக்ட். உள்ளே சமையலறையை இடித்துக் கட்டினாலும் இது வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியம். டி.ஓ.பி. கேட்காத, ஆனால் வெளியே தெரியும் வேலைக்கு, உதாரணமாக ஜன்னல் மாற்றுவதற்கோ முகப்புக் கல்லைப் பூசுவதற்கோ, பெர்மிட் ஃபார் மைனர் ஒர்க். விதிமுறைப் புத்தகத்துக்குள் அடங்காத பெரிய மாற்றத்துக்குச் சர்டிபிகேட் ஆஃப் அப்ரோப்ரியேட்னஸ். இதற்குப் பொது விசாரணை நடக்கும், வட்டார மக்கள் குழுவான கம்யூனிட்டி போர்டிலும் போய் விளக்க வேண்டும்.

ஜன்னலில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். டி.ஓ.பி. பெர்மிட் தேவையில்லை என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆணையத்தின் பெர்மிட் தேவை என்பதை அவர் சொல்வதில்லை. முன்முகத்தில் பழைய ஜன்னலின் அமைப்பு, திறக்கும் விதம், சட்டகத்தின் வடிவம், நிறம் எல்லாம் பொருந்த வேண்டும். வெள்ளை வினைல் ஜன்னலை மாட்டிவிட்டால் ஆணையத்தின் எச்சரிக்கைக் கடிதம் வரும், மொத்தத்தையும் கழற்ற வேண்டி வரும். பின்பக்கத்தில் கெடுபிடி குறைவு.

இங்கே ஒரு கிளைச் செய்தி, ஆனால் பணம் உள்ள செய்தி. நியூயார்க் மாநிலத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் சொந்தக் குடியிருப்பாளருக்குச் செலவில் 20 சதவீதம், அதிகபட்சம் 50,000 டாலர் வரை வருமான வரிச் சலுகை உண்டு. வீடு மாநில அல்லது தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும், தகுதியுள்ள சென்சஸ் வட்டாரத்திலும் இருக்க வேண்டும். நகர லேண்ட்மார்க் பகுதியும் தேசியப் பதிவேட்டுப் பகுதியும் வேறு வேறு எல்லைகள். ஒன்றில் இருப்பதால் மற்றதில் இருப்பதாக ஆகாது. முக்கியமாக, வேலை தொடங்கும் முன்பே மாநிலப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கை விரித்துவிடுவார்கள்.

6. எந்த வகை விண்ணப்பம்?

பயன்பாடு, வெளியேறும் வழி, குடியிருப்பு எண்ணிக்கை. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அது ஆல்ட்-சி.ஓ. விண்ணப்பம், முடிவில் புதிய சி.ஓ. வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய ஆட்கள் இதை இன்னும் 'ஆல்ட்-1' என்பார்கள். மூன்றும் மாறாமல் குழாய், சுவர், சமையலறை, குளியலறை என்று வேலை இருந்தால் சாதாரண ஆல்டரேஷன், பழைய பெயர் 'ஆல்ட்-2'. முடிவில் வேலை முடிந்ததற்கான லெட்டர் ஆஃப் கம்ப்ளீஷன் மட்டும் போதும்.

இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஆல்ட்-சி.ஓ. என்றால் வீட்டின் எல்லாப் பழைய குறைகளும் மேசைக்கு வரும், காலமும் செலவும் ஏறும். அதனால் சிலர் மூன்று குடும்பத்தை இரண்டாக்கும் வேலையை 'சமையலறை புதுப்பிப்பு' என்று ஆல்ட்-2-க்குள் திணிக்கப் பார்ப்பார்கள். வேலை முடியும், லெட்டரும் வரும். விற்கப்போகும் நாளில் சி.ஓ.வும் வீடும் பொருந்தாது. அந்த யோசனையைச் சொல்லும் ஆளை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயின்ட், பூச்சு வேலை, தரைக்கு மெருகு, அலமாரி மாற்றுவது போன்றவற்றுக்குப் பெர்மிட் வேண்டாம். சுவரை இடிப்பது, கேஸ் அடுப்பை நகர்த்துவது, புதிய குளியலறை போடுவது எல்லாவற்றுக்கும் வேண்டும்.

7. ஆட்கள்

வரைபடத்தில் கையெழுத்திட மாநில உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது என்ஜினியர். டி.ஓ.பி.யில் விண்ணப்பங்களைத் தாக்கல் செய்து நகர்த்த எக்ஸ்பெடைட்டர். ஒன்று முதல் நாலு குடும்ப வீட்டில் வேலை செய்யும் கான்ட்ராக்டருக்கு நகர நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் ஹோம் இம்ப்ரூவ்மென்ட் லைசன்ஸ், கூடவே பொறுப்புக் காப்பீடு, தொழிலாளர் இழப்பீடு, டிசபிலிட்டி காப்பீடு. குழாய் வேலைக்கு லைசன்ஸ்டு மாஸ்டர் பிளம்பர், மின்வேலைக்கு மாஸ்டர் எலக்ட்ரீஷியன்; இவர்கள் தனித்தனியாகப் பெர்மிட் எடுப்பார்கள்.

லைசன்ஸை வாடகைக்கு விடும் வழக்கம் இங்கே உண்டு. வேலை செய்பவர் ஒருவர், பெர்மிட்டில் இருக்கும் மாஸ்டர் பிளம்பர் வேறொருவர். பாதியில் அவர்களுக்குள் சண்டை வந்தால் கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கையெழுத்திட ஆள் இருக்காது. புதிய பிளம்பரைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்தால், அவர் கண்ணால் பார்க்காத குழாய்க்கு அவர் கையெழுத்திட மாட்டார், சுவரைத் திறக்கச் சொல்வார். பெர்மிட்டில் உள்ள பெயரும் நீங்கள் காசோலை எழுதும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சைன்-ஆஃப், அதாவது துறையின் இறுதி ஒப்புதல், வரும்வரை ஒவ்வொருவருக்கும் கடைசித் தவணையை நிறுத்தி வைப்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

டி.ஓ.பி. நவ்-இல் உரிமையாளரும் தன் கணக்கில் நுழைந்து உறுதிமொழிகளில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை எக்ஸ்பெடைட்டரிடம் கொடுக்காதீர்கள். 'வீட்டில் யாரும் குடியில்லை' என்று உங்கள் பெயரில் அவர் டிக் அடித்தால், மாட்டுவது நீங்கள். ஒரு மாடியில் ஆள் இருந்தாலும் டெனன்ட் புரொடெக்‌ஷன் பிளான் வேண்டும். தூசி, வெப்பம், தண்ணீர், வெளியேறும் வழி எல்லாம் அதில் வரும்.

8. ஆஸ்பெஸ்டாஸ் சோதனை

1987 ஏப்ரல் 1-க்குப் பிறகு வரைபட ஒப்புதல் பெற்ற கட்டடங்களுக்கு விலக்கு. பிரவுன்ஸ்டோன் எதற்கும் இது பொருந்தாது. சான்றிதழ் பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் இன்வெஸ்டிகேட்டர் மாதிரி எடுத்து, வேலை தொடும் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றால் ஏ.சி.பி.-5 படிவம் தருவார். அது இல்லாமல் பெர்மிட் வராது. 25 அடி நீளத்துக்கு மேலோ 10 சதுர அடிக்கு மேலோ கலையப்போகிறது என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் புராஜெக்ட், ஏ.சி.பி.-7 அறிவிப்பைச் சுற்றுச்சூழல் துறைக்குத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்து, உரிமம் பெற்ற ஆட்களை வைத்து அகற்ற வேண்டும்.

எங்கே இருக்கும்? பாய்லர் குழாயைச் சுற்றிய வெள்ளைப் பொதி எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை: ஒன்பதுக்கு ஒன்பது இஞ்ச் தரை டைல், அதை ஒட்டிய கறுப்புப் பசை, கூரை ஓரத் தார், ஜன்னல் சுற்றுப் பூச்சு. பிற்பாடு மேலே போட்ட மரத்தரையின் கீழே இந்த டைல் ஒளிந்திருக்கும். இன்வெஸ்டிகேட்டர் வரும் நாளில் தரையை ஓரிடத்தில் திறந்து காட்டுங்கள். வேலை நடுவில் கண்டுபிடித்தால் எல்லாம் நின்றுபோகும்.

9. வரைபடப் பரிசீலனை: நடு அறை வம்பு

பிளான் எக்ஸாமினர் 'அப்ஜெக்‌ஷன்' பட்டியல் அனுப்புவார். ஆர்க்கிடெக்ட் ஒவ்வொன்றாகத் தீர்ப்பார். 2022 கட்டட விதித் தொகுப்பு அந்த ஆண்டு நவம்பர் 7-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய வீட்டின் சில பகுதிகளுக்குப் பழைய விதியைப் பின்பற்றலாம். எந்த விதி என்று முதல் தாளிலேயே எழுதி அதிலேயே நிற்க வேண்டும்.

வழக்கமாக மாட்டுவது நடு அறை. வரிசை வீடு சுமார் 20 அடி அகலம், 40, 45 அடி ஆழம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் முன்னும் பின்னும் மட்டும். நடுவில் வெளிச்சமில்லாமல் ஓர் அறை கிடக்கும். குடியிருக்கும் அறைக்கு ஜன்னல் கண்ணாடிப் பரப்பு தரைப் பரப்பில் 10 சதவீதமாவது, 12 சதுர அடிக்குக் குறையாமலும் வேண்டும். அறை 80 சதுர அடிக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 8 அடிக்குக் குறையக் கூடாது. நடு அறை இதில் தேறாது. அதைப் படுக்கையறை என்று எழுதினால் அப்ஜெக்‌ஷன்; டிரஸ்ஸிங் ரூம், ஸ்டோரேஜ் என்று எழுதி, உண்மையிலும் அப்படியே வைத்தால் போகும். காகிதத்தில் டிரஸ்ஸிங் ரூம், நிஜத்தில் கதவும் கட்டிலும் என்றால் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்துவிடும்.

10. பக்கத்து வீடு

இந்த வீடுகளில் உங்கள் தரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனை பொதுச்சுவரில் செருகியிருக்கும். அடுத்த வீட்டுச் சட்டமும் மறுபக்கம் அதே சுவரில். தரையை மொத்தமாகப் பிடுங்கினால் சுவருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடும். ஆகவே எந்த மாடியை எப்போது, எவ்வளவு திறக்கலாம் என்பதை என்ஜினியர் வரிசைப்படுத்தித் தர வேண்டும், அந்த வரிசை வரைபடத்திலும் இருக்க வேண்டும்.

செல்லர் உயரம் போதவில்லை என்று தரையைத் தோண்டினால் பழைய கருங்கல் அடித்தளத்துக்குக் கீழே அண்டர்பின்னிங், அதாவது அடித்தளத்தை ஆழப்படுத்தித் தாங்கும் வேலை, வரும். இதில் அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும், அவர்கள் வீட்டைப் பாதுகாக்கும் பொறுப்பும் செலவும் உங்களுடையது. உள்ளே போய் விரிசல்களைப் படமெடுக்க, கருவி பொருத்த, நுழைய அனுமதிக்கும் லைசன்ஸ் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். மறுத்தால் மாநிலச் சட்டத்தின் ஆர்.பி.ஏ.பி.எல். 881-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம், ஆனால் அதற்குள் உங்கள் கான்ட்ராக்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வேலைக்கு முன் எடுத்த தேதியிட்ட படங்கள், பின்னால் எழும் 'இந்த விரிசல் உங்களால்தான்' சண்டையைத் தீர்க்கும். அவை இருவருக்குமே நல்லது.

11. வேலை நடக்கும்போது

பெர்மிட் தாளை வாசலில் ஒட்ட வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள்: கான்ட்ராக்டரின் காப்பீடு முடியும் நாளில் பெர்மிட்டும் முடியும், ஒரு வருஷம் நிறைய வேண்டியதில்லை. வேலை நேரம் வார நாட்களில் காலை 7 முதல் மாலை 6. அதைத் தாண்டி வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும்.

இதில் பிழை செய்தால் கணக்கு இப்படி. பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால், ஒன்று, இரண்டு குடும்ப வீட்டுக்குப் பெர்மிட் கட்டணத்தின் ஆறு மடங்கு, குறைந்தது 600, அதிகம் 10,000 டாலர். மற்ற கட்டடங்களுக்கு 21 மடங்கு, குறைந்தது 6,000, அதிகம் 15,000. வேலையை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் ஒர்க் ஆர்டரை மீறினால் முதல் முறை 6,000, அடுத்து ஒவ்வொரு முறையும் 12,000. தீர்ப்பாய அபராதம் இதற்கு வெளியே.

ஸ்பெஷல் இன்ஸ்பெக்‌ஷன்தான் எல்லோரும் தவறவிடும் இடம். வரைபடம் ஒப்புதலாகும்போதே எந்தெந்த இன்ஸ்பெக்‌ஷன் வேண்டும் என்று டி.ஆர்.-1 பட்டியல் இருக்கும்: இருக்கும் கட்டடத்தின் நிலைத்தன்மை, எஃகு உத்தரம், தீத்தடுப்பு அடைப்பு, இன்சுலேஷன் என்று. இவற்றைச் செய்யும் ஏஜென்சியை உரிமையாளர்தான் அமர்த்த வேண்டும், கான்ட்ராக்டர் அல்ல. இவற்றில் பாதி, சுவரை மூடும் முன் பார்க்க வேண்டியவை. ஜிப்சம் போர்டை அடித்துவிட்டால் ஏஜென்சி எப்படிக் கையெழுத்திடும்? பெயின்ட் காய்ந்த சுவரை வெட்டித் திறப்பது இதனால்தான். பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதை மூடும் முன்' என்று எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ஏஜென்சி ஆள் வந்து கையெழுத்திட்டுப் போகும்வரை போர்டு அடிப்பவர் அந்த அறைக்குள் போகக் கூடாது.

கேஸை ஒருமுறை மூடினால் திரும்பத் திறப்பது சுலபமல்ல. பிளம்பரின் அழுத்தச் சோதனை, டி.ஓ.பி. இன்ஸ்பெக்‌ஷன், பிறகு துறையிலிருந்து கேஸ் நிறுவனத்துக்கு அங்கீகாரம், அதன் பிறகே மீட்டர். சமையலுக்கு இண்டக்‌ஷன் போதுமா என்று யோசிக்க இது நல்ல நேரம். மீட்டர் எண்ணிக்கையிலும் கவனம்: இரண்டு குடும்ப வீட்டில் மூன்று மின் மீட்டர் நின்றால் இன்ஸ்பெக்டர் மூன்றாவது சமையலறையைத் தேடுவார்.

தளத்தில் சுவர் நகர்ந்தால், கதவு மாறினால், ஆர்க்கிடெக்ட் ஒப்புதலுக்குப் பிந்தைய திருத்தமான போஸ்ட் அப்ரூவல் அமெண்ட்மென்ட் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று விடுவது வழக்கம். கடைசியில் அதற்கே ஒரு புதிய பரிசீலனைச் சுற்று ஆகும்.

12. சைன்-ஆஃப், டி.சி.ஓ., சி.ஓ.

கட்டுமான இறுதி இன்ஸ்பெக்‌ஷன், குழாய், மின்சாரம், ஸ்பிரிங்க்ளர், ஸ்பெஷல் இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகள், எரிசக்தி அறிக்கை, இறுதிச் செலவு உறுதிமொழி, திறந்த வயலேஷன்கள் பூஜ்யம். இத்தனையும் பச்சையானால்தான் இறுதி சி.ஓ. லேண்ட்மார்க் வீடானால் அந்த ஆணையத்திடம் அனுமதித்தபடியே வேலை முடிந்தது என்று சொல்லும் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளையன்ஸும் வாங்குங்கள்; ஆணையத்தின் பெர்மிட் தானாக மூடிக்கொள்ளாது.

பாதுகாப்பு வேலைகள் முடிந்து சில்லறைகள் மட்டும் மிச்சமிருந்தால் தற்காலிகச் சான்றான டி.சி.ஓ. கிடைக்கும். வழக்கமாக அதற்கு 90 நாள்தான் ஆயுள். குடியேறலாம், வங்கியும் பெரும்பாலும் ஏற்கும். ஆபத்து என்னவென்றால், குடியேறியதும் அவசரம் போய்விடும். கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையும் போய்விடும். நாலாவது புதுப்பித்தலை மறப்பார்கள், டி.சி.ஓ. காலாவதியாகும், வீடு சான்றில்லாத வீடாகும். டி.சி.ஓ. கையில் வந்த நாளே மிச்ச வேலைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆளும் தேதியும் போட்டுவிடுங்கள்.

வாடகைக்கு விடுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். மாநிலத்தின் மல்டிபிள் டுவெல்லிங் சட்டம் 302-ஆம் பிரிவின்படி, மூன்று குடும்பமோ அதற்கு மேலோ உள்ள வீடு சி.ஓ.வுக்கு முரணாகக் குடியேறப்பட்டிருந்தால் உரிமையாளர் வாடகையை வழக்குப் போட்டு வாங்க முடியாது. இரண்டு குடும்ப வீட்டின் செல்லரில் மூன்றாவதாக ஒருவரை வைத்தால், நிஜத்தில் அது மூன்று குடும்ப வீடாகிவிடும். நீதிமன்றம் அப்படியே பார்க்கும். மாடியில் முறையாக இருக்கும் வாடகைக்காரர் தராத பாக்கியும் அதோடு போகலாம்.

மூன்று குடும்பமோ அதற்கு மேலோ இருந்தாலோ, ஒன்று, இரண்டு குடும்ப வீட்டில் உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ குடியில்லாவிட்டாலோ ஆண்டுதோறும் செப்டம்பர் 1-க்குள் எச்.பி.டி.யில் பதிவு செய்ய வேண்டும். சொத்து வரியும் ஏறும். ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகளுக்கு மதிப்பீட்டு உயர்வு ஆண்டுக்கு 6 சதவீதம், ஐந்தாண்டுக்கு 20 சதவீதம் என்ற வரம்பு உண்டு. கட்டுமானத்தால் கூடிய மதிப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது, முதல் வருஷ நோட்டீஸைப் பார்த்து அதிர வேண்டாம்.

சி.ஓ. வந்ததும் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன் ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள். பிளாக், லாட் எண் சரியா, பேஸ்மென்ட் வரியில் குடியிருப்பு என்று இருக்கிறதா, மாடிகளின் எண்ணிக்கை வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா, மொத்தக் குடியிருப்பு எண் சரியா. தட்டச்சில் ஒரு மாடி தவறிப்போவது உண்டு. அந்த வாரமே ஆர்க்கிடெக்ட் மூலம் திருத்தக் கேளுங்கள். கோப்பு சூடாக இருக்கும்போது திருத்தம் நடக்கும், அடுத்த முறை அந்தத் தாளை யாராவது படிக்கப்போவது நீங்கள் வீட்டை விற்கும் நாளில்தான்.